பன்னெண்டு மணி நிழல்

உடைக்கலை சார். உடைச்ச பூட்டு இப்படியா இருக்கும்? கையில எடுத்துப் பாருங்க, ஒரு கீறல் கிடையாது. கம்ப்ளைண்ட்ல பார்க் பீகா முரிதித்தாரேன்னு பெரிசா எழுதியிருக்கு, பூட்டை உடைச்சுட்டாங்களாம். சாவி போட்டுத் தொறந்ததை உடைச்சதுன்னு எழுதினா அது பொய் கம்ப்ளைண்ட்தானே? அதனாலதான் சொல்றேன், வெளியில பெஞ்ச்ல உக்கார வெச்சிருக்கீங்களே அர்ஜுனன், அந்த வாட்ச்மேன், அவரை முதல்ல வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவர் தொறக்கலை. நான்தான் தொறந்தேன். அப்படியே எழுதிக்கோங்க.

பேரு அம்ருதா. இனிஷியல் அப்புறம் சொல்றேன் சார், முதல்ல விஷயத்தைக் கேளுங்க. நாலு மணிக்கு அசோசியேஷன் பிரெசிடென்ட் வந்து கையெழுத்துப் போட்டதும் எஃப்.ஐ.ஆர். ஆயிடும்னு உங்க கான்ஸ்டபிள் சொன்னார். அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சாகணும். அர்ஜுனன் மேல ஒரு கேஸ் விழுந்துதுன்னா அப்புறம் எந்த செக்யூரிட்டி ஏஜென்சியும் அவரைச் சேர்க்காது. சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல, பொண்ணு பி.யு.சி. படிக்கறா. இந்த வயசுல அவர் வேற எங்க போவார்?

ஆமா சார், தமிழ்தான். நீங்க கோலார் கே.ஜி.எஃப்பா? பேச்சுலயே தெரிஞ்சுது. நாங்க தாத்தா காலத்துலயே இங்க பெங்களூர் வந்தாச்சு, அவர் மைசூர் கவர்மெண்ட் சர்வீஸ். வீட்ல தமிழ், வாசல்ல கன்னடம், சண்டை போட மட்டும் இங்கிலீஷ்.

வேலையா? லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். இல்ல சார், நர்சரி இல்ல. கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் இருக்காங்க இல்ல, அந்த மாதிரி கட்டடம் இல்லாத இடத்துக்கு நான். பார்க், காலேஜ் கேம்பஸ், ஆஸ்பத்திரி வாசல். ஜனங்க எங்க நடக்கணும், எங்க உக்காரணும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடணும், எந்த மரத்தை எங்க வெச்சா யார் மேல நிழல் விழும், அதெல்லாம். சரி, தோட்டம் போடறதுன்னே எழுதிக்கோங்க. எங்க அப்பாவே அப்படித்தான் சொல்றார்.

ஷூலயா? அது எலெக்ட்ரானிக் சிட்டி மண்ணு சார். அங்க ஒரு கம்பெனிக்கு கேம்பஸ் பண்ணிட்டிருக்கேன். காலைல எட்டு மணிக்குப் போனா விளக்கு வெக்கற வரைக்கும் அங்கதான், தினமும். இன்னிக்கு ஃபோன் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி வரேன். பொம்மனஹள்ளி சிக்னல்லயே பாதி உயிர் போயிடுத்து. அந்தக் கேம்பஸ் கதையே தனி. அவ்வளவு பெரிய புல்தரை போடச் சொன்னாங்க, போட்டாச்சு, இப்ப அது மேல யாராவது கால் வெச்சா செக்யூரிட்டி விசில் ஊதறான். ஃபோட்டோ எடுக்கறதுக்கு மட்டும்தானாம். எனக்குன்னு இப்படித்தான் வந்து மாட்டும்.

பார்க்குக்கு வரேன் சார், அதுக்குத்தான் வரேன். அந்தப் பார்க்கை டிசைன் பண்ணினதே நான்தான். தெரியாதா? எப்படித் தெரியும், வாசல்ல இருக்கற கல்வெட்டுல திறந்து வெச்சவர் பேரு இருக்கு, தலைமை தாங்கினவர் பேரு இருக்கு, ஓரத்துல கல்லு செதுக்கினவன் பேரு கூட இருக்கு. என் பேரு இல்ல. அதை விடுங்க, நான் அதுக்காக வரலை.

தொண்ணூத்தி மூணுல அது வெறும் சைட். லேஅவுட் போட்டப்போ பொதுவுக்குன்னு விட்ட இடம். நடுவுல ரெண்டு ஹொங்கே மரம், நம்ம புங்க மரம். நான் அகமதாபாத்ல படிச்சுட்டு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அசோசியேஷன்ல பார்க் வேணும்னு கேட்டாங்க. எங்க வேலைல பேப்பர்ல கோடு போடறதுக்கு முன்னாடி அந்த இடத்துல போய்ச் சும்மா உக்காரணும் சார். யாரு வரா, எப்ப வரா, எங்க உக்கார்றான்னு பாக்கணும். நான் போய் உக்காந்தேன். காலைல ஈ காக்கா கிடையாது. சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. மத்தியானம்தான் சார் அந்த இடமே முழிச்சுக்கும். பதினொண்ணரை ஆச்சுன்னா வந்துடுவாங்க. வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க, இஸ்திரி போடறவர், ஸ்கூல் ஆட்டோ ஓட்டறவங்க. காலைல நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சிருப்பாங்க, சாயங்காலம் திரும்ப அதே நாலு வீடு. நடுவுல வீட்டுக்குப் போயிட்டு வரணும்னா ரெண்டு பஸ் மாறணும். அதனால அந்த ரெண்டு மரத்தடில டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிட்டுட்டு, முந்தானையை விரிச்சுக் கொஞ்சம் கண்ணை மூடிட்டுத் திரும்பப் போவாங்க.

நான் அவங்களுக்குத்தான் அந்தப் பார்க்கைப் போட்டேன். வெயில் காலத்துல இங்க சூரியன் உச்சந்தலைக்கு வந்துடும், மத்த நாள்ல தெக்குப் பக்கமா சாஞ்சு போகும். அதை மாசா மாசம் பார்த்து ட்ரேசிங் பேப்பர்ல ஒண்ணு மேல ஒண்ணா வரைஞ்சேன். இருந்த மரம் ரெண்டையும் சேத்துக்கிட்டுப் புதுசா புங்கன் வட்டமா வெச்சு, நடுவுல ரெண்டு படி பள்ளமா இறக்கி, சுத்திக் கல்லுல பெஞ்ச். மரம் பெரிசானா பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அந்த பெஞ்ச் மேல ஒரு பொட்டு வெயில் விழக்கூடாது. பக்கத்துல ஒரு குழாய், டிபன் பாக்ஸ் கழுவ. அவ்வளவுதான் டிசைன். ஊஞ்சல் கிடையாது, ஃபவுண்டன் கிடையாது. மீட்டிங்ல படத்தை மாட்டி எல்லாத்தையும் விளக்கினேன். தும்ப சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்குன்னு எல்லாரும் தலை ஆட்டினாங்க. இப்ப யோசிச்சா, ஒருத்தர் கூடக் காதுல வாங்கலை. காப்பி வந்துடுத்து, எல்லாரும் காப்பியைப் பாத்தாங்க.

அப்புறம் என்ன, முதல்ல கம்பி வேலி வந்தது. மாடு வருதாம். சரி, மாடு வருது. அப்புறம் கேட். சாயங்காலம் காதல் ஜோடி உக்கார்றாங்களாம். அதுக்கப்புறம் கேட்டுக்குப் பூட்டு. டிரைவருங்க சீட்டு ஆடறாங்களாம். குழாயைப் பிடுங்கிட்டாங்க, சோத்துப் பருக்கைக்கு எலி வருதாம். கல் பெஞ்ச் நடுவுல இரும்புக் கம்பி அடிச்சாங்க, யாரும் நீட்டிப் படுக்கக் கூடாதாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது சார், ஒவ்வொரு காரணத்தையும் கேட்டா நியாயமாத்தான் இருக்கும். கடைசில போர்டு வந்தது. காலைல அஞ்சரைலேர்ந்து ஒம்போதரை, சாயங்காலம் நாலரைலேர்ந்து எட்டு. மத்தியானம் பூட்டு.

ஊர்ல எல்லாப் பார்க்கும் அப்படித்தாங்கறீங்க. தெரியும் சார். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. காலைல விடியறதுக்கு முன்னாடி குல்லா போட்டுக்கிட்டு வந்து சுத்திச் சுத்தி நடக்கறாங்க. கை தட்டிச் சிரிக்கறாங்க, அதுக்கு ஒரு கிளப். இருட்டுல நடக்கறவங்களுக்கு எதுக்கு சார் நிழல்? அந்த மரத்துக்குக் கீழ நிழல் இருக்கற நேரம் முழுக்க கேட் பூட்டியிருக்கு. உள்ள அணில் உக்காந்திருக்கு. நான் வரைஞ்ச பெஞ்ச்ல, நான் வரைஞ்ச நிழல்ல, அணில். வெளியில சுவர் ஓரமா, சாக்கடை மேல போட்ட கல்லுல, மண்டை பொளக்கற வெயில்ல அந்தப் பொம்பளைங்க உக்காந்து சாப்பிடறாங்க.

நான் சும்மா இருக்கலை சார். ஒவ்வொரு ஜெனரல் பாடிலயும் எழுந்து நின்னு கேட்டேன். கை தூக்கச் சொல்வாங்க. எல்லாக் கையும் பூட்டுக்குத்தான் போகும். நான் மெம்பர் இல்லைன்னு ஒருத்தர் பாயிண்ட் எடுத்தார். அதுக்கப்புறம் பார்க்குக்குப் பத்து வருஷம் ஆச்சுன்னு விழா எடுத்தாங்க, என்னைக் கூப்பிட்டுச் சால்வை போத்தி, பழத்தட்டு கொடுத்தாங்க. சாயங்காலம் ஏழு மணி. ட்யூப் லைட் கட்டியிருந்தாங்க. ரிட்டையர்ட் புரொஃபஸர் ஒருத்தர் அந்த மரங்களோட நிழலைப் பத்தி ஒரு கவிதை படிச்சார். அந்த நிழலை அவரும் பார்த்ததில்ல, நானும் பார்த்ததில்ல. கை தட்டினாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சால்வையை அலமாரில தூக்கிப் போட்டேன், இன்னும் எடுக்கலை.

வரேன் சார், இன்னிக்கு நடந்ததுக்கு வரேன். சரசுன்னு ஒருத்தங்க, எங்க வீட்ல வேலை செய்யறாங்க. பொம்மனஹள்ளிலேர்ந்து வராங்க. போன தசராவுக்கு அப்புறம் ஒரு நாள் அந்தச் சாக்கடைக் கல்லுல உக்காந்து சாப்பிட்டிருக்கறப்ப தண்ணி லாரி ஒண்ணு ரிவர்ஸ்ல வந்துடுத்து. டிபன் பாக்ஸ் நசுங்கிப் போச்சு. காலை இழுத்துக்கறதுக்குள்ள வீல் ஏறி ரெண்டு விரல் போச்சு. இல்ல, கம்ப்ளைண்ட் கொடுக்கலை. யார் மேல கொடுப்பாங்க? லாரிக்காரன் போயிட்டான். அவங்க கட்டுப் போட்டுக்கிட்டு சாயங்காலம் வேலைக்கு வந்து நின்னாங்க. என்ன சரசு இதுன்னு கேட்டா சிரிக்கறாங்க. பாக்ஸுதாம்மா போச்சு, புதுசுன்னு சொல்றாங்க. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கை நீட்டற தூரத்துல, நான் போட்ட பெஞ்ச் காலியா இருக்கு சார்.

அதான் தொறந்தேன். தீபாவளிலேர்ந்து. தினமும் மத்தியானம் தொறக்கறது, மூணு மணிக்குப் பூட்டறது. யாரும் எதையும் நாசம் பண்ணலை. சாப்பிடுவாங்க, படுப்பாங்க, போறப்ப பெருக்கிட்டுப் போவாங்க. ஜனவரில ஒரு நாள் நானும் போய் உக்காந்தேன். இந்த ஊர் அவரைக்காய், நம்ம பச்சை மொச்சை, அதோட சீசன் இல்லையா, எல்லாரும் மடில கொட்டி வெச்சுக்கிட்டுத் தோல் பிதுக்கிட்டிருந்தாங்க, சாயங்காலம் வேலை செய்யற வீட்டுக்காரங்களுக்காக. நான் பெஞ்சைப் பார்த்தேன் சார். ஒரு பொட்டு வெயில் இல்ல. நான் வரைஞ்ச கோட்டுல, கோடு பிசகாம நிழல் நின்னுது. அங்க உக்காந்து அழுதேன். எதுக்குக்கா அழறீங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா, வெங்காயம்னேன். அவ அவரைக்காயைக் காட்டிச் சிரிச்சா.

சாவியா? டிசைன் பண்ணினது நான்தானே, என்கிட்ட ஒரு டூப்ளிகேட் இருக்கும் இல்லையா.

புதுப் பூட்டா? போன வருஷம் மாத்தினாங்களா? ஓ. கம்ப்ளைண்ட்ல அதையும் எழுதியிருக்காரா. ரெண்டே சாவி, ஒண்ணு வாட்ச்மேன்கிட்ட, ஒண்ணு தன்கிட்டன்னு. அதனாலதான் அர்ஜுனனைப் பிடிச்சீங்க. கோபத்துல உடைச்சதுன்னும் எழுதி, காசு வாங்கிட்டு உள்ள விடறார்னு வேற போட்டிருக்கார் இல்ல? அநியாயம் சார் அது. அவர் தன் சாவியைக் காலைலயும் சாயங்காலமும் தவிரத் தொட்டதே இல்ல.

சரி. பிரெசிடென்ட் வீட்டுச் சாவி அது. பூஜை அலமாரிப் பக்கத்துல ஒரு ஆணில மாட்டியிருக்கும், அதை எடுத்தேன். எப்படி உள்ள போனேனா? வாசல் வழியாத்தான் போனேன். எங்க வீடு சார் அது. சீனிவாசராகவன் எங்க அப்பா. இனிஷியல் கேட்டீங்களே, எஸ். எஸ்.அம்ருதா. எழுதிக்கோங்க.

சிரிக்காதீங்க சார். எனக்குச் சிரிப்பு வரலை.

அவர் கெட்டவர் இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல கவர்மெண்ட் சர்வீஸ், யார்கிட்டயும் ஒரு வாழைப்பழம் கூட வாங்கினதில்ல. ரூல்னா ரூல். காலைல இருட்டுல நடக்கறப்ப புதுசா யாராவது வந்தா, இது என் பொண்ணு போட்ட பார்க்குன்னு சொல்லாம விட மாட்டார். அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு மட்டும் காதுல ஏறாது. ஞாயித்துக்கிழமை நான் போனா, ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல எங்களுக்கு இந்தச் சண்டைதான். மத்தியானம் தொறங்கப்பான்னு நான் சொல்வேன். அஜெண்டால கொடுன்னு அவர் சொல்வார். பொண்ணு அப்பாகிட்ட அஜெண்டா கொடுக்கணுமாம் சார். தயிர் சாதம் அப்படியே தட்டுல காயும்.

நீங்க இப்ப கேக்கறதை நானும் கேட்டேன். சரசுவை வீட்டுக்குள்ளயே உக்கார வெச்சா என்னன்னு. வெக்கமாத்தான் இருக்கு. நாலு பெட்ரூம் வீடு. மத்தியானம் ரெண்டே பேர். சொல்லிப் பார்த்தாச்சு, சரசு ஒத்துக்கலை. ஐயா தூங்குவார், நான் அங்க ஒரு மூலைல ஒடுங்கி உக்காரணும், அதுக்கு வெயிலே மேல்னுட்டாங்க. கூட நாலு பேர் இருக்கறப்ப நான் மட்டும் எப்படி உள்ள வரதுன்னும் கேட்டாங்க.

என்ன சார்?

ஆமா, எலெக்ட்ரானிக் சிட்டின்னுதான் சொன்னேன். ஆமா, தினமும்தான். எட்டு மணிலேர்ந்து. இல்ல, நடுவுல வந்துட்டு... அந்த ட்ராஃபிக்ல எப்படி வர முடியும். சனிக்கிழமையும்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படித் தினமும் ஆகும்னு கேக்கறீங்க. கரெக்ட்தான்.

கொஞ்சம் தண்ணி கொடுங்க சார்.

எங்க அம்மா.

அம்மாதான் தொறந்தா. அப்பா பத்தரைக்கே சாப்பிட்டுடுவார், ஆஃபீஸ் போன காலத்துப் பழக்கம். பதினொண்ணரைக்குப் படுத்தார்னா மூணரைக்குக் காப்பி வாசனை வந்தாத்தான் எழுந்திருப்பார். அவர் குறட்டை விட ஆரம்பிச்சதும் அம்மா ஆணிலேர்ந்து சாவியை எடுத்துண்டு, வாசல் கதவைச் சத்தம் இல்லாம சாத்திட்டுக் கிளம்பிடுவா. போய் கேட்டைத் தொறப்பா. மூணு மணிக்குப் பூட்டிண்டு வந்து, சாவியை மாட்டிட்டு, காப்பி போடுவா. தீபாவளிலேர்ந்து. அறுபத்தெட்டு வயசு சார், முழங்கால் வலி. அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டதே அவதான். சத்தம் வரக் கூடாதுன்னு தேங்காய் எண்ணெய்.

எனக்கே தெரியாது. ஜனவரில ஒரு நாள் லீவு, ஃபோன் பண்ணி, மத்தியானம் பார்க்குக்கு வா, தனியா வான்னா. என்னமோ ஆயிடுத்துன்னு பதறிண்டு ஓடினேன். கேட் தொறந்திருக்கு. நடுவுல, என் பெஞ்ச்ல, காலை மேல தூக்கி வெச்சுண்டு அம்மா அவரைக்காய் பிதுக்கிண்டிருக்கா. அந்தப் பக்கம் சரசு. நான் அழுதது அதுக்கும்தான் சார், நிழலுக்கு மட்டும் இல்ல. பத்து வருஷமா நான் மீட்டிங், படம், பேச்சு, சண்டைன்னு செத்துண்டிருந்தேன். நீ கேட்டுண்டே இருந்தே, அவா கொடுக்கலை, அதான் எடுத்துண்டேன்னு சொல்றா. எனக்குக் கோபம் வந்தது. நிஜமாவே வந்தது. இவ்வளவு சுலபமா இருந்தா நான் எதுக்கு இத்தனை வருஷம் தொண்டையைக் கிழிச்சுண்டேன்?

அவளும் முதல்ல கேக்கத்தான் கேட்டா. சரசு கால் நசுங்கின அன்னிக்கு ராத்திரி, அந்த கேட்டை மத்தியானம் தொறந்து விட்டுடுங்கோன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கா. அடுத்த ஜெனரல் பாடில வெக்கறேன்னாராம். நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின பொண்டாட்டி. அவளுக்கும் ஜெனரல் பாடி.

இன்னிக்குக் கரெண்ட் போயிடுத்து. ஃபேன் நின்னதும் அப்பாவுக்கு முழிப்பு வந்துடுத்து. அம்மாவைக் காணோம், கோவிலுக்குப் போயிருப்பான்னு நினைச்சுண்டு, காத்தாட வெளியில வந்தவர் பார்க் பக்கம் போயிட்டார். தூரத்துல அவர் தலையைப் பார்த்ததும் அர்ஜுனன் அம்மாவை எழுப்பி, பார்க் மூலைல இருக்கற பம்ப் ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டார். அவருக்கு வேற எதுவும் தோணலை, இந்த அம்மா மானம் போகக் கூடாது, அவ்வளவுதான். அப்பா கத்தினது எல்லாம் அம்மாவுக்கு உள்ள கேட்டிருக்கு. திருடன்னார். எவ்வளவு வாங்கறேன்னு கேட்டார். அர்ஜுனன் ஒரு வார்த்தை பேசலை. ஸ்டேஷன்லயும் பேசலைன்னு நீங்க சொன்னீங்களே, இதுதான் சார் அது. உங்க ஆளுங்க வந்து அவரைக் கூட்டிண்டு போற வரைக்கும் அம்மா அந்த இருட்டுல, ஹோஸ் பைப்புக்கும் மம்முட்டிக்கும் நடுவுல நின்னிருக்கா.

அதுதான் அவளுக்குத் தாங்கலை. நான் பார்க் வாசல்ல காரை நிறுத்தினதும் அதைத்தான் சொன்னா. அவன் எனக்காகத் திட்டு வாங்கறான், நான் கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு மூச்சை அடக்கிண்டிருக்கேன், வெளியில வந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலையேடின்னா. அழலை. அப்படியே நடந்து போய் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷன்னு சொல்லிட்டா. பின்னாடியே வந்து, இங்க வாசல்ல நான்தான் கெஞ்சி நிறுத்தினேன். நீ வேண்டாம், நான் போய்ப் பேசறேன், நான் பண்ணினதா சொல்லிடறேன், பொண்ணு மேல அப்பா கேஸ் போட மாட்டார், எல்லாம் வீட்டோட முடிஞ்சுடும்னேன். சரி, போய் உன் பேச்சைப் பேசிட்டு வா, முடியலைன்னா நான் வரேன்னா. இவ்வளவு நேரம் வெளியில ஆட்டோல உக்காந்திருக்கா சார். மீட்டர் ஓடறது.

வீட்ல இப்ப அப்பா காப்பிக்குக் காத்துண்டிருப்பார். நாலு மணிக்கு இங்க வருவார். அவர் முகத்தை நான் எப்படிப் பாக்கறதுன்னு தெரியலை. அவரைப் பாத்து அம்மா என்ன சொல்வான்னும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், அர்ஜுனன் உங்க ஸ்டேஷன் பெஞ்ச்ல உக்காந்திருக்கக் கூடாது.

அது யாரு, அம்மாவா? வரவே வந்துட்டா. படி பாத்தும்மா. சார், ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, முழங்கால் மடக்க முடியாது. எல்லாம் சொல்லிட்டேன்மா. ஆமா, சாவி விஷயமும் சொல்லிட்டேன். சரி, நீயே சொல்லு.

எழுதிக்கோங்க சார். மிஸஸ் சீனிவாசராகவன்னு போட வேண்டாமாம். ரேஷன் கார்டுலேர்ந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்காம், இதுல மட்டும் அவ பேரை முழுசா எழுதணுமாம். அனந்தலக்ஷ்மி. சாவி இதோ, மேஜை மேல வெச்சுட்டா. எவிடென்ஸுக்கு வேணும்னா வெச்சுக்கோங்க, ஆனா நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள திருப்பிக் கொடுத்துடணுமாம்.